ஆர்ச்சஸ் போன கண்ணுக்கு அலிபிரி தெரியாதா?

கோடை விடுமுறை முடிந்து நண்பர்கள் வீட்டுக்குப் போனால் தப்பிக்க முடியாது. காபி கையில் கொடுத்து, டிவியில் ஐந்நூறு போட்டோ காட்டுவார்கள். ஆர்.வி. வாடகைக்கு எடுத்து, லாஸ் வேகஸில் கிளம்பி சயான், பிரைஸ், ஆர்ச்சஸ், கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று. சிரிக்கவில்லை மக்களே, நானும் அந்தக் கோஷ்டிதான். கேலனுக்குப் பத்து மைல் தாண்டாத அந்த நகரும் வீட்டை ஓட்டி, புளியோதரையைக் காலி செய்து, கழிவுத் தொட்டியைக் காலி செய்யக் குழாயோடு மல்லுக்கட்டியவன்தான்.

பயணத்தில் எனக்குப் புகார் இல்லை. வந்தபின் எல்லாரும் சொல்கிற ஒரு வரிதான் எரிச்சல்: "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கேங்க இருக்கு?"

நானும் சொன்னேன். கிராண்ட் கேன்யனில் ரேஞ்சர் ஒருவர் பாறைச் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். கோட்டுக்குக் கீழே ஒரு பாறை, மேலே வேறு பாறை. இரண்டுக்கும் நடுவில் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் கணக்கில் இல்லை என்றார். மகள் கேட்டாள்: "அப்பா, உங்க ஊர்ல இப்படி இருக்கா?" யோசிக்காமல் "இல்லம்மா" என்றேன்.

என் ஊர் கார்வேட்டிநகரம். திருப்பதி மலைப்பாதையில் எத்தனை தடவை பஸ்ஸில் ஏறியிருப்பேன்! அந்தப் பாதையோரச் சரிவில் அதே மாதிரி ஒரு கோடு இருக்கிறது. கீழே பழைய கிரானைட். அது தேய்ந்து தேய்ந்து சமமான பிறகு, அதன்மேல் மணல் படிந்து இறுகி அடுக்கடுக்கான குவார்ட்சைட் ஆனது. இடைவெளி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். மேலே இருக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? நகரி குவார்ட்சைட். ஆமாம், நம் பக்கத்து நகரிதான்! திருமலையில் கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி, அதே குவார்ட்சைட்டில் இயற்கையே குடைந்த வளைவு, சிலாதோரணம். இரண்டையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. 2025-ல் திருமலை மலைகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. நமக்கோ எத்தனை லட்டு கிடைத்தது என்பதுதான் கணக்கு.

"அது சின்னதுங்க" என்பார்கள். சின்னதுதான். யூட்டாவின் லேண்ட்ஸ்கேப் ஆர்ச் சுமார் 90 மீட்டர் அகலம். சிலாதோரணம் 8 மீட்டர். ஆனால் வயதில் நம்முடையது அந்த மணற்கல்லுக்குக் கொள்ளுத்தாத்தா.

"அங்கே பராமரிப்பு இருக்கு" என்பது அடுத்த வாதம். அது வானத்திலிருந்து விழுந்ததா? கிராண்ட் கேன்யனிலும் சுரங்க உரிமை கேட்டவர்கள் இருந்தார்கள். இறங்கும் பாதைக்குச் சுங்கம் வசூலித்தவர் இருந்தார். 1908-ல் நினைவுச் சின்னமாகி, 1919-ல்தான் தேசியப் பூங்கா ஆனது. இது காக்க வேண்டிய இடம் என்று சிலர் விடாமல் கேட்டதால் கிடைத்தது அது. இங்கே 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்களைக் காக்க ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்? கருத்துச் சொன்னோம்?

பார்க்க வராத இடத்துக்கு யார் பலகை வைப்பார்கள்? யார் வழிகாட்டி போடுவார்கள்? அங்கே கல்லைப் பார்க்க ரேஞ்சர் சொல்லித் தந்தார். இங்கே நம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய ஆள் நாம்தான், நாமோ பஸ்ஸில் தூங்குகிறோம்.

அடுத்த முறை ஊருக்குப் போகிறவர்கள் தரிசனம் முடிந்ததும் சிலாதோரணத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கோட்டைத் தேடுங்கள். நானும் போகப் போகிறேன், மகளோடு. அன்று சொன்ன "இல்லம்மா"வைத் திரும்பப் பெற வேண்டும்.