சாக்கடையில் உறங்கும் செல்வம்

மாதுங்காவில் வாழும் தமிழர்களில் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அன்றைய பம்பாயின் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தில், மலக்கழிவுத் தொட்டியிலிருந்து எழுந்த வாயுவைப் பிடித்து விளக்கெரித்தனர். பின்னர் எஞ்சினும் ஓட்டினர். உலகின் முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் உருண்டோடியும், மும்பையின் கழிவுநீர் கடலையே நாடிச் சென்றது வருந்தத்தக்கது.

இந்த வாயுவைத் தருபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். காற்றுப் புகாத தொட்டியில் ஒரு கூட்டம் கழிவைக் கரைக்கிறது. அடுத்தது அதை அமிலமாக்குகிறது. கடைசிக் கூட்டம் எரியும் மீத்தேன் வாயுவைத் தருகிறது. அமிலம் மிகுந்தால் இக்கடைசிக் கூட்டம் செயலிழந்துவிடும். எனவே நன்கு பழகிய கசடை உறைமோர்போல் இடுவதும், சுமார் 35 டிகிரி சூட்டைக் காப்பதும் உற்பத்தியைப் பெருக்கும் வழிகளாகும். குளிர் நாடுகள் இச்சூட்டுக்கு எரிபொருள் செலவிடுகின்றன. மும்பைக்கு அதில் பெரும்பகுதியை வெயிலே தந்துவிடுகிறது.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'நிசர்க ருணா' முறையில், சமையற்கழிவை வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்களிடம் முதலில் விட்டுக் கரைத்த பிறகே வாயுக்கலத்துக்கு அனுப்புகின்றனர். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்கள், கழிவுநீர் வாயுவிலிருந்து எடுத்த மின்சாரத்தைத் தம் தேவைக்கே பயன்படுத்தியுள்ளன. ஆகவே இது ஏட்டுச் சுரைக்காய் அன்று.

தாராவி, வொர்லி, பாந்திரா உள்ளிட்ட 7 இடங்களில் புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. திட்டச் செலவு சுமார் 17,200 கோடி ரூபாய். இவ்வளவு பணம் கொட்டும்போது, பிறக்கும் வாயு வீணாகாமல் மின்சாரமாக வேண்டும். அதன் ஆதாயத்தில் ஒரு பங்கு தாராவியின் பொதுக் கழிப்பறைகளுக்குச் சேர வேண்டும்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. தொட்டியில் அடைபட்டால் விளக்கேற்றும் இதே வாயு, பாதாளச் சாக்கடையில் தேங்கினால் இறங்கியவரின் உயிரைக் குடிக்கிறது. பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவ்வாறு இறப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீடு உயிருக்கு ஈடாகாது. இயந்திரங்களை வாங்குவதும், துப்புரவுத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் புதிய நிலையங்களில் பயிற்சியும் வேலையும் தருவதும் மாநகராட்சியின் கடமை.

மாதுங்காவில் அன்று ஏற்றிய விளக்கு, தாராவியின் குடிசைகளிலும் ஒளிரட்டும்.