குடும்ப மேடை: கடல் கடந்து கற்பிக்க விரும்பும் மகள்

குருபரப்பள்ளியிலிருந்து தந்தையார் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். சிப்காட் வளாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். மூத்த மகள் கணிதத்தில் பட்டம் பெற்று, பி.எட்.டும் முடித்திருக்கிறாள். தான்சானியாவில் கன்னியர் நடத்தும் பள்ளியொன்றில் ஓராண்டு ஊதியமின்றிக் கற்பிக்கப் போவதாகக் கூறுகிறாளாம். "கல்விக் கடன் இன்னும் தீரவில்லை. தம்பி படித்துக்கொண்டிருக்கிறான். ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இங்கே இடமா இல்லை?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆயினும் மகளின் விருப்பத்தை விளையாட்டென்று தள்ளிவிட வேண்டாம். 1930-ல் சேலம் மறைமாவட்டம் தோன்றியபோது அதன் முதல் ஆயராக இருந்த புரூனியே ஆண்டகை பிரெஞ்சு நாட்டவர். கடல் கடந்து வந்து, தமிழைக் கற்று, இம்மண்ணிலேயே உழைத்தவர்களின் பணியால் பயன் பெற்றவர்கள் நாம். 1980-ல் சலேசிய சபையார் ஆப்பிரிக்கத் திட்டத்தைத் தொடங்கியபோது கென்யா, தான்சானியா, சூடான் ஆகிய நாடுகளுக்கு இந்தியாவிலிருந்தும் துறவியர் புறப்பட்டனர். 1997-ல் உருவான நம் தருமபுரி மறைமாவட்டத்தின் முதல் ஆயரும் அச்சபையைச் சேர்ந்தவரே. துறவறம் ஏற்காத இளையோருக்கும் வழி இருக்கிறது. சலேசியச் சகோதரிகள் 1987-ல் தொடங்கிய 'வீடெஸ்' என்னும் தன்னார்வ அமைப்பு அத்தகையது.

ஆபத்தையும் மறைக்கலாகாது. சிவகங்கைச் சீமையில் பிறந்த இயேசு சபைக் குரு அலெக்சிஸ் பிரேம்குமாரைப் பலரும் அறிவர். தமிழகத்து முகாம்களில் இலங்கைத் தமிழரிடையே பணியாற்றியபின், இயேசு சபை அகதிகள் பணியின் சார்பில் ஆப்கானிஸ்தானுக்குச் சென்றார். ஈரானிலும் பாகிஸ்தானிலும் அகதிகளாய் வாழ்ந்து நாடு திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஹெராத் நகருக்கு வெளியே சோகாதாத் என்ற ஊரில் ஒரு பள்ளி நடந்துவந்தது. 2014 ஜூன் 2 அன்று அப்பள்ளிக்குச் சென்றிருந்தபோது ஆயுதம் தாங்கியோர் அவரைக் கடத்திச் சென்றனர். எட்டு மாதங்களுக்கும் மேலாக உறவினர் கண்ணீரோடு காத்திருந்தனர். 2015 பிப்ரவரி 22 அன்றுதான் விடுதலை கிடைத்தது. அந்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியது. அதன்பின் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகள் பள்ளி செல்லத் தடை வந்தது. அங்கே கற்பித்தவர்களின் உழைப்பு வீணாயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். அந்த ஆண்டுகளில் எழுத்தறிந்த சிறுமியிடமிருந்து அவ்வெழுத்தை எந்த ஆட்சி பிடுங்கும்?

தான்சானியா ஆப்கானிஸ்தான் அன்று. தந்தையார் அதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம், மூன்று வாரம் என்று சேவைச் சுற்றுலா அனுப்பும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. கம்போடியாவின் அநாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்ததாக யூனிசெப் 2011-ல் தெரிவித்தது. பார்க்க வரும் வெளிநாட்டினரின் பணத்திற்காகவும் பிள்ளைகள் இல்லங்களில் சேர்க்கப்பட்டனர். நல்லெண்ணத்தோடு சென்றவர்களே அத்தீமைக்கு உரம் போட்டுவிட்டனர்.

ஆகவே மகளை அழைப்பவர் யார் என்பதை முதலில் விசாரியுங்கள். அந்தச் சபையின் இந்தியக் கிளைக்கு எழுதிக் கேளுங்கள், பங்குத்தந்தை உதவுவார். கணித ஆசிரியை அங்கே உண்மையிலேயே தேவையா? அவளை வைத்துக்கொண்டு உள்ளூர் ஆசிரியர் ஒருவரை நிறுத்திவிடுவார்களா? இதைக் கூசாமல் கேட்க வேண்டும். விசா எந்த வகையானது என்பதையும் பாருங்கள். சுற்றுலா விசாவில் சென்று வகுப்பெடுப்பதைப் பெரும்பாலான நாடுகள் அனுமதிப்பதில்லை. பயணச் செலவு, காய்ச்சலுக்கு மருத்துவம், இடையில் திரும்ப நேர்ந்தால் டிக்கெட் ஆகியவை யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் உங்கள் மகள் வெளியூர்ப் பெண்களைவிட ஒருபடி மேல். தான்சானியாவில் தொடக்கப் பள்ளி சுவாகிலியில் நடக்கிறது. உயர்நிலைப் பள்ளியோ ஆங்கிலத்தில். வீட்டில் பேசுவது பல பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி. கணக்குத் தெரிந்த பிள்ளையும் கேள்வி விளங்காமல் விழிக்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ் வகுப்பில் அமரும் பிள்ளைகளோடு வளர்ந்தவளுக்கு அந்த விழிப்பு புதியதன்று. எனினும் சுவாகிலியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

கடனைப் பற்றி நாம் கண்டிப்பாகவே சொல்வோம். தவணையைத் தந்தையின் தலையில் ஏற்றிவிட்டுச் செய்யும் சேவையின் செலவு முழுவதும் தந்தையுடையதே. அவள் இங்கே ஓராண்டு சம்பளத்திற்குக் கற்பித்து, கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டுப் புறப்படட்டும். அனுபவமுள்ள ஆசிரியையை அந்தப் பள்ளியும் விரும்பி ஏற்கும்.

அந்த ஓராண்டில் மாலை வேளைகளும் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தொழிற்சாலைகளுக்கு வந்தோரின் பிள்ளைகள் சிலர் தமிழ் தெரியாததால் பள்ளிக்கே போகாமல் வாடகை அறைகளில் இருக்கின்றனர். அவர்களில் நான்கு பேரையாவது கூட்டி உட்காரவைத்து, மொழி தெரியாத பிள்ளைக்குப் பின்னக் கணக்கு விளங்குகிறதா என்று பார்க்கட்டும். கடவுச்சீட்டுக்கு இப்போதே விண்ணப்பித்து வைக்கலாம். அது பத்தாண்டு செல்லும்.