சாய்ந்த சுவரெல்லாம் நிலநடுக்கத்தின் சாட்சியன்று

பண்டைய நகரங்களைப் பற்றிய கருத்தரங்குகளில் ஒரு வாக்கியம் தவறாது ஒலிக்கிறது: "இந்நகரம் நிலநடுக்கத்தால் அழிந்திருக்கலாம்." அவையோர் தலையசைக்கின்றனர். அடுத்த கட்டுரையில் அந்த 'அழிந்திருக்கலாம்' என்பது 'அழிந்தது' ஆகிறது. அதற்கடுத்த பாடநூலில் ஆண்டும் சேர்ந்துகொள்கிறது. நம் துறையில் இவ்வாக்கியம் பெரும்பாலும் ஆய்வின் முடிவாக வருவதில்லை. ஆய்வு எந்த இடத்தில் களைத்து நின்றதோ, அந்த இடத்தின் அடையாளமாகவே வருகிறது.

இராஜஸ்தானத்தில் கக்கர் ஆற்றின் தென்கரையில் உள்ள காலிபங்கனை எடுத்துக்கொள்வோம். 1960களில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. முந்து ஹரப்பா காலத்துக் குடியிருப்பின் மண்ணடுக்குகளிலும் சுவர்களிலும் பிளவுகளும் இடப்பெயர்ச்சியும் காணப்பட்டன. அக்குடியிருப்பு சில காலம் கைவிடப்பட்டுப் பின்னர் மீண்டும் குடியேற்றம் பெற்றது. இவ்விரண்டையும் இணைத்து, கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த ஒரு நிலநடுக்கமே காரணம் என பி.பி. லால் முன்மொழிந்தார். அது அறிவார்ந்த, துணிவான கருதுகோள். அதை முன்வைத்ததில் எக்குறையும் இல்லை. குறை பின்வந்தோருடையது. அகழாய்வு முடிந்தது 1969இல். முந்து ஹரப்பா காலம் பற்றிய முழு அறிக்கை அச்சேறியது 2003இல். இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளில், முழுமையான வெட்டுமுக வரைபடங்களைப் பார்க்காமலேயே, "தொல்லியலால் அறியப்பட்ட உலகின் மிகப் பழைய நிலநடுக்கம்" என்னும் பட்டத்தை அதற்குச் சூட்டி மகிழ்ந்தோம். கருதுகோள் வாய்மொழியாகவே வரலாறாகிவிட்டது.

அப்படியானால் எதைச் சான்று என ஏற்பது? யோர்தான் ஆற்றங்கரையில் வாடும் யாக்கோப் என்னும் சிலுவைப்போர்க் கோட்டை உள்ளது. அதன் கட்டுமானம் 1178இல் தொடங்கியது. ஓராண்டு நிறைவதற்குள், 1179 ஆகஸ்டில், சலாவுதீனின் படை அதைக் கைப்பற்றி அழித்தது. கோட்டையோ சாக்கடல் பிளவுப்பெயர்ச்சிக் கோட்டின் மீதே அமர்ந்திருக்கிறது. நேர்கோட்டில் கட்டப்பட்ட அதன் சுவர்கள் இன்று 2.1 மீட்டர் விலகி நிற்கின்றன. பிற்காலத்தில் அதே வளாகத்தில் எழுந்த பள்ளிவாசலின் விலகலோ ஏறத்தாழ 0.5 மீட்டர் மட்டுமே. ஆகவே எஞ்சிய 1.6 மீட்டர் பள்ளிவாசலுக்கு முந்தைய ஒரு பெயர்வைச் சேரும். ரோனி எல்லன்ப்லூமும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் முதற்பெயர்வை 1202ஆம் ஆண்டு நிலநடுக்கத்துடனும், பிந்தையதை 1759ஆம் ஆண்டு நிலநடுக்கத்துடனும் இணைத்தனர். இங்கே சுவரின் தொடக்க வடிவம் தெரியும். கட்டிய காலம் தெரியும். அடியில் ஓடும் பிளவுப்பெயர்ச்சி தெரியும். விலகலை அளக்க முடியும். இத்தனை நற்பேறு எல்லாத் தளங்களுக்கும் வாய்க்காது என்பது உண்மையே. ஆனால் வாய்க்காத இடங்களில் நாம் பேசும் குரலும் அதற்கேற்பத் தாழவேண்டாமா?

சுடாத செங்கற் சுவர் சாய்வதற்கு நிலம் நடுங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. அடிப்பகுதியில் ஈரம் ஏறி, உப்புப் படிந்து, கல் உதிர்ந்தால் சுவர் சாயும். முந்தைய குடியிருப்பின் குப்பைக்குழி மீது எழுப்பிய சுவர் ஒரு பக்கம் இறங்கும். வெள்ளம் அடித்தளத்தை அரிக்கும். நாலாயிரம் ஆண்டுகளாக மேலே குவிந்த மண்ணின் எடையும் சுவரை வெளித்தள்ளும். கைவிடப்பட்ட வீட்டின் கூரை இற்று விழுந்த பின், தனித்து நிற்கும் சுவர் எத்தனை மழைக்காலம் தாங்கும்? இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே நிலநடுக்கம் என்னும் சொல்லை எழுத நமக்கு உரிமை பிறக்கிறது. பல அறிக்கைகளில் இவ்விலக்கற்பணிக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை.

இதனினும் கொடியது வட்டவாதம். இடிபாட்டு அடுக்கு ஒன்று கிடைக்கிறது. கரிமக் காலக்கணிப்பு நூறாண்டு அகலமுள்ள ஓர் இடைவெளியைத் தருகிறது. தொல்லியலார் நிலநடுக்கப் பட்டியலைப் புரட்டி, அவ்விடைவெளிக்குள் விழும் பெரிய நிகழ்வொன்றைத் தேர்ந்து அடுக்குக்குச் சூட்டுகிறார். பின்னர் நிலநடுக்கவியலார் அந்த அறிக்கையைப் புரட்டி, "தொல்லியல் இதனை உறுதிசெய்கிறது" எனத் தம் பட்டியலில் சேர்க்கிறார். இருவரும் ஒருவர் தோளில் மற்றவர் ஏறி நிற்கின்றனர். தரையில் யாருடைய காலும் இல்லை. கி.பி. 365 ஜூலை 21 அன்று கிரீட் தீவை உலுக்கிய பேரதிர்வின் கணக்கில், கிழக்கு மத்தியதரைக் கடலெங்கும் இடிந்த கட்டடங்கள் எத்தனையோ எழுதப்பட்டன. சைப்ரசின் கூரியோனில் இடிபாட்டின் கீழே மனிதர்களின் எலும்புகளும் காலம் காட்டும் நாணயங்களும் கிடைத்தன. அங்கே நிலநடுக்கம் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. அது கிரீட்டை உலுக்கிய அதே நிலநடுக்கமா என்பதே இன்றும் வாதத்துக்குரியது. அத்துணை வலுவான தளத்திலேயே நிலைமை இது.

ஹரப்பா நாகரிகத்தைப் பொறுத்தவரை ஒற்றைக் காரணத்தின் மீதான நம் காதல் பழையது. மார்ட்டிமர் வீலர் மொஹஞ்சதாரோவின் எலும்புக்கூடுகளில் ஆரியப் படுகொலையைக் கண்டார்; 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் அதனைக் கட்டுக்கதை எனக் காட்டினார். அதே காலத்தில் ராபர்ட் ரைக்ஸ், நில உயர்வு சிந்துவை அணைபோல் மறித்து நகரை மூழ்கடித்தது என்றார். ஆற்றின் போக்கை நன்கறிந்த லாம்பிரிக் அதனை மறுத்தார். படையெடுப்பு போனது, வெள்ளம் வந்தது, இப்போது நடுக்கம். தோலாவீராவோ இக்கதைகளுக்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறது. அங்கு அகழ்ந்த ஆர்.எஸ். பிஷ்ட் நிலநடுக்கச் சேதம் எனத் தாம் கருதியவற்றைக் குறிப்பிடுகிறார். கூடவே அதன்பின் நடந்த பெரும் பழுதுபார்ப்பையும் குறிப்பிடுகிறார். அம்மக்கள் இடிந்ததைச் செப்பனிட்டு வாழ்வைத் தொடர்ந்தனர். அவருடைய விளக்கத்தை ஏற்றால்கூட, நிலநடுக்கம் ஒரு நகரத்தின் முடிவாக இருக்கவேண்டும் என்னும் நம் முன்முடிவு அங்கே உடைகிறது. ஆனால் பழுதுபார்ப்பைப் பற்றிக் கட்டுரை எழுத யாருக்கு ஆர்வம்? பேரழிவுக்குத்தானே தலைப்பு கிடைக்கும்.

இதெல்லாம் அறிஞர்களின் சொற்போர் என ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். 1819 ஜூன் 16 அன்று கட்சில் நிலம் பல பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு மேடாக எழுந்தது. சிந்திரிக் கோட்டை நீரில் அமிழ்ந்தது. எழுந்த மேடு இன்றும் 'அல்லா பந்த்' எனப்படுகிறது. 2001 ஜனவரி 26 அன்று அதே கட்ச் மீண்டும் அதிர்ந்தது, பல்லாயிரவர் மாண்டனர். ஆனால் அந்த இரண்டாம் அதிர்வில் முதன்மைப் பிளவு நிலத்தின் மேற்பரப்பை எட்டவேயில்லை. வருங்கால ஆய்வாளர் ஒருவர் பிளவுப்பெயர்ச்சியை மட்டும் தேடினால் 2001ஐக் காணமாட்டார். அவருக்கு எஞ்சுவன இடிந்த கட்டடங்களும், அதிர்வில் நீரோடு கலந்து குழம்பாகி மேலெழுந்த மணலின் தடங்களுமே. 1993இல் கில்லாரி அதிர்ந்தபோது, அன்றைய வரைபடத்தில் அப்பகுதி மிகக் குறைந்த ஆபத்து மண்டலத்தில் இருந்தது. எழுத்துச் சான்றுகள் மௌனமாக உள்ள நாட்டில், ஓரிடம் எத்தனை நூற்றாண்டுக்கு ஒருமுறை அதிர்கிறது என்பதைச் சொல்லக்கூடியவற்றுள் தொல்லியலும் ஒன்று. அணைகளும் குடியிருப்புகளும் அக்கணக்கின் மீதே எழுகின்றன. பொய்யான நிலநடுக்கம் ஒன்று பட்டியலில் ஏறினாலும், மெய்யான ஒன்று தவறினாலும், கணக்கு பிழைக்கும்.

அதனால்தான் கள நடைமுறை என்னைச் சினமூட்டுகிறது. அகழ்ந்த சுவர் சாய்ந்திருந்தால் நிமிர்த்துகிறோம். விரிசலைச் சாந்தால் அடைக்கிறோம். வருகையாளர் கண்ணுக்கு இனிதாக மேல்வரிசை அடுக்குகிறோம். நான் பணிசெய்த ஒரு தளத்தில், சாய்வின் கோணமும் திசையும் அளக்கப்படுமுன்பே சுவர் 'பாதுகாக்கப்பட்டுவிட்டது'. கேட்டபோது, அது புவியியலார் வேலை என்றனர். புவியியலார் வந்தபோது அளக்க எதுவும் இல்லை.

மாணவ நண்பர்களுக்கு: அடுத்த பருவத்தில் குழியில் இறங்குகிறீர்களெனில் கோணமானியையும் திசைகாட்டியையும் கையில் வைத்திருங்கள். விரிசல் கற்களுக்கிடையிலான பூச்சில் மட்டும் ஓடுகிறதா, கற்களையே பிளந்து செல்கிறதா எனக் குறித்துக்கொள்ளுங்கள். விழுந்த கற்களை அகற்றுமுன் அவற்றின் கிடையை வரைந்துகொள்ளுங்கள். வழிகாட்டியர் நேரமில்லை என்பர்; செப்பனிடும் ஒப்பந்தக்காரர் மறுநாள் வருகிறார் என்பர். ஒருநாள் காத்திருக்கச் சொல்லுங்கள்.