கஞ்சிக் கோப்பையும் கைதுக் குறிப்பும்



ரமலான் வந்துவிட்டால் ஒரே காட்சி பல ஊர்களிலிருந்தும் நம் கைப்பேசிகளுக்கு வந்து சேர்கிறது. பள்ளிவாசல் பாயில் காவல்துறை அதிகாரி ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். தலையில் தொப்பி, கையில் நோன்புக் கஞ்சி, பின்னணியில் உருக்கமான இசை. அனுப்பம்பட்டிலும் பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் அதைப் பார்த்து மகிழ்ந்து, ‘மாஷா அல்லாஹ்’ என்று எழுதி, அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகின்றன. நாமும் அனுப்பியவர்களே. ஆயினும் அந்தக் காணொளி நம்மிடம் எதைக் கேட்கிறது, பதிலுக்கு எதைத் தருகிறது என்று ஒருமுறையாவது நிதானித்துப் பார்த்தோமா?

நன்மையை நன்மை என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. 2021 நவம்பர் பெருமழையில், சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மயங்கிக் கிடந்த இளைஞரை ஆய்வாளர் ராஜேஸ்வரி தம் தோளில் சுமந்து சென்றார். அது நடிப்பன்று. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நம் மார்க்கம் கற்பித்த பாடம். அவரைப் போன்றவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஒருவர் செய்த நற்செயலை ஒரு துறை முழுவதற்கும் நற்சான்றாக ஒட்டிவைக்கும் விளம்பரத்தோடுதான் வழக்கு.

காவலரையும் மக்களையும் நண்பர்களாக்கும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பு 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவியது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் ஜெயராஜ் காவல்நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார், அவரைத் தேடிச் சென்ற மகன் பென்னிக்ஸும் அங்கே பிடித்து வைக்கப்பட்டார். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தனர். அதன் தொண்டர்கள்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது, அமைப்பு மறுத்தது. அடுத்த மாதமே அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்த நட்பெல்லாம் அந்த ஓரிரவில் அவர்களுக்கு எந்த உதவிக்கு வந்தது?

அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தது. ஆனால் அதன் பதிவு நாள்தோறும் தானாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் அறிக்கை அளித்தார். கஞ்சி குடிக்கும் காட்சி ஆண்டாண்டுக்கும் நிலைத்திருக்கிறது. காவல்நிலையத்திற்குள் நடந்தது மறுநாளைக்குக்கூட இருப்பதில்லை.

2025 ஜூன் இறுதியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் காவலாளி அஜித்குமார், நகை காணாமற்போன புகாரின் விசாரணையில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். அங்கும் உண்மையை ஊருக்குச் சொன்னது, ஒருவர் மறைவிலிருந்து கைப்பேசியில் எடுத்த சில நொடிக் காட்சியே.

இவ்விடத்தில் நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. அபூதாவூதில் இடம்பெற்ற செய்தி அது. பொருளைத் திருட்டுக் கொடுத்த சிலர் நெசவாளர்கள்மீது சந்தேகம் சொன்னார்கள். அவர் அந்த நெசவாளர்களைச் சில நாட்கள் தடுத்து வைத்து, பின் விடுவித்தார். அடிக்காமலேயே விட்டுவிட்டீரே என்று புகார் கொடுத்தவர்கள் கேட்டார்கள். நீங்கள் விரும்பினால் அடிக்கிறேன். பொருள் அவர்களிடம் கிடைக்காவிட்டால் அதே அளவு அடியை உங்கள் முதுகில் திருப்பித் தருவேன் என்றார் அவர். இதுவே அல்லாஹ்வின் தீர்ப்பும் அவன் தூதரின் தீர்ப்பும் என்றும் சொன்னார்.

அன்று அடிக்கச் சொன்னவர்கள் ஆட்சியாளர்கள் அல்லர், பொதுமக்கள். இன்றைய நம் நிலை என்ன? கையில் மாவுக்கட்டோடு வரிசையாக நிற்கும் இளைஞர்களின் படம் குழுக்களில் வருகிறது. ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’ என்ற விளக்கத்தை யாரும் நம்புவதில்லை; ஆயினும் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கும் முகக்குறிகளை இடுபவர்களில் நம் ஜமாஅத்தாரும் இருக்கிறார்கள், ஐவேளைத் தொழுகையாளிகளும் இருக்கிறார்கள். மத்ரஸாவில் இந்த ஹதீஸை ஓதிக்கொடுத்துவிட்டு வீட்டில் அந்தப் படத்திற்குச் சிரிக்கும் ஆசிரியர்களும் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். கஞ்சிக் காணொளியும் மாவுக்கட்டுப் படமும் நமக்குக் கற்றுத்தருவது ஒன்றே: அதிகாரி மனம் வைத்தால் அன்பு, மனம் வைத்தால் அடி. சட்டத்திற்கு இரண்டிலும் இடமில்லை.

2020 பிப்ரவரி 14 இரவு வண்ணாரப்பேட்டையில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து அமர்ந்தவர்கள்மீது தடியடி நடந்தது. பெருநாள் துணி எடுக்க நாம் ரயிலேறிப் போகும் அதே வண்ணாரப்பேட்டைதான். ஆனால் இதை முஸ்லிம்களின் மனக்குறையாக மட்டும் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஜெயராஜும் பென்னிக்ஸும் கிறிஸ்தவர்கள், அஜித்குமார் கோயில் ஊழியர். நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற இறைக்கட்டளையில் ‘உங்கள் ஆட்களுக்காக’ என்ற நிபந்தனை கிடையாது.

நம்பிக்கையை அளக்க வேண்டுமானால் வேறு இடத்தில் அளக்கலாம். நம் மத்ரஸாப் பிள்ளைகளின் தாய்மாரில் எத்தனை பேர், துணைக்கு ஜமாஅத் தலைவரை அழைக்காமல், தனியே சென்று ஒரு புகார் எழுதிக் கொடுப்பார்கள்? பாஸ்போர்ட் விசாரணைக்குக் காவலர் வாசலுக்கு வந்தால் எத்தனை வீடுகளில் பதற்றமில்லாமல் நாற்காலி போடுகிறார்கள்?

உரிமைகள் ஏட்டில் இல்லாமலில்லை. கைதுக் குறிப்பு எழுதப்பட்டு, குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சான்றொப்பமிட வேண்டும். கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகள் இவை. காவலர்மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்திற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக வேண்டும் என்று 2006இல் அதே நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் காவல்துறைத் தலைவரை உறுப்பினராகவும் வைத்தது. களவு கொடுத்தவன் யாரிடம் போய் முறையிடுவான்?

வரும் ரமலானில் அதிகாரி வரட்டும். விருந்தினரை உபசரிப்பது நம் கடமை. கஞ்சி கொடுப்போம், வடை கொடுப்போம். படம் எடுக்கும் முன் மூன்று கேள்விகளை ஜமாஅத் கேட்கட்டும். நிலையத்தின் கேமராக்கள் இயங்குகின்றனவா, பதிவு எத்தனை நாள் இருக்கிறது? முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்குக் கட்டணமின்றித் தரப்படுகிறதா? நம் ஊர்ப் பிள்ளை ஒருவனை இரவில் அழைத்துச் சென்றால் அந்தத் தகவல் யாருக்கு, எத்தனை மணிக்குள் வரும்? பதில்களைத் தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டலாம். கேட்கும்போது பெண்களும் அந்த அவையில் இருக்கட்டும். பிள்ளையைத் தேடி நள்ளிரவில் நிலைய வாசலில் நிற்பவர்கள் அவர்கள்தாம்.