எர்த் பின்னை ஒடிக்கிற அண்ணன்களுக்கு

முதல்லயே சொல்லிடறேன், நான் படிக்கிறது பி.காம். மூணாவது வருஷம். எலக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. ஆனா ஒன்றரை வருஷமா என் பஸ் காசு, தூக்கம், வீட்ல இருக்கிற நல்ல பேரு எல்லாத்தையும் தின்னுட்டு இருக்கிறது ஒரு வால்வு கிட்டார் ஆம்ப். நானே ஈயம் பத்த வச்சு செஞ்சது. பழவேற்காடுன்னா பூநாரையும் டச்சுக் கல்லறையும் மட்டும்தான்னு நினைச்சுட்டு ஞாயித்துக்கிழமை வந்து போறீங்களே, அதே ஊர்ல, ஏரிக்கரை குப்பத்துல, ஒரு திண்ணையில உட்கார்ந்து செஞ்சது. அந்த உரிமையில இன்னிக்கு கொஞ்சம் கோவமா எழுதப் போறேன்.

கோவம் யார் மேலன்னா, "உர்ர்னு இரையுதா தம்பி? எர்த் பின்னை ஒடிச்சு வுடு, சரியாப் பூடும்"னு சொல்ற எல்லா அண்ணன்கள் மேலயும்.

நடந்த கதையை சொல்லிடறேன். ரிச்சி தெருவுல அலைஞ்சு பொறுக்கின சாமான், பழைய ரேடியோவுல இருந்து கழட்டின பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு (பெங்களூருல நம்ம நாட்டுலயே வால்வு செஞ்ச காலம்னு ஒண்ணு இருந்தது, தெரியுமா?), பக்கத்து டவுன்ல சுத்தி வாங்கின டிரான்ஸ்ஃபார்மர். எல்லாத்தையும் மாட்டி சுவிட்ச் போட்டேன். கிட்டார் சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒரு "உர்ர்ர்" வந்தது பாருங்க, எங்க பாட்டி வெளியில வந்து லாரி எங்க நிக்குதுன்னு தேடுச்சு.

எங்க ஏரியா மைக் செட் அண்ணனை கூப்பிட்டேன். வந்தார், கேட்டார், கட்டிங் பிளேயரை எடுத்தார், பிளக்கைத் திறந்து பச்சை ஒயரை நறுக்குனு வெட்டினார். இரைச்சல் பாதிக்கு மேல போயிடுச்சு. எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், அதை மறைக்கல.

பத்து நிமிஷம் கழிச்சு என் மாமா பையன் கிட்டாரை மாட்டிக்கிட்டு பாட வந்தான். அப்பதான் கழுவி விட்ட சிமெண்ட் தரை, வெறும் கால். மைக் போற மிக்சர் மட்டும் புதுசு, மூணு பின்னோட ஒழுங்கா எர்த்ல இருந்தது. உதடு மைக்குல பட்டது, "சுர்ர்". பின்னாடி துள்ளி விழுந்தான். உயிருக்கு ஒண்ணும் இல்ல, உதடு மட்டும் ரெண்டு நாள் மரத்துப் போச்சு. அதுக்கு அண்ணன் சொன்ன தீர்ப்பு இருக்கே: "செருப்பு போட்டுக்கினு வாசிக்க சொல்லு."

குப்பத்துல! ஈரமும் உப்பும் ஒட்டின காலோட பொறந்து வளர்ந்த பசங்க கிட்ட!

அன்னிக்கு ராத்திரி மல்டிமீட்டர் எடுத்து ஆம்ப் சேசிஸுக்கும் மிக்சர் பாடிக்கும் நடுவுல வச்சுப் பார்த்தேன். 90 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. விவரம் தெரிஞ்சவங்க உடனே சொல்வீங்க, "அது சும்மா டிரான்ஸ்ஃபார்மர் சுத்துக்கு நடுவுல கசியறது, மீட்டர் பெருசா காட்டும், கரண்ட் கொஞ்சம்தான் இருக்கும்"னு. சரி, இன்னிக்கு கொஞ்சம். டவுன்ல சுத்தின டிரான்ஸ்ஃபார்மர், நடுவுல பேப்பர், சுத்தி உப்புக் காத்து. அடுத்த மழைக்கு அந்த பேப்பர் ஊறி லைன் நேரா இரும்புல பட்டா அது 230 வோல்ட். அந்த நாள் எந்த நாள்னு மீட்டர் முன்கூட்டியே சொல்லாது. அதை சமாளிக்கத்தான் அந்த பச்சை ஒயர். லைன் இரும்புல பட்டா கரண்ட் எர்த் வழியா ஓடி பியூஸை அடிக்கும். ஒயரை வெட்டிட்டா? இரும்பு லைனோட உட்கார்ந்து காத்திருக்கும், எவனாவது தொடற வரைக்கும்.

கிட்டார் ஆம்ப்ல இது ஏன் மத்த எல்லாத்தையும் விட மோசம்னு யாருமே சொல்றது இல்ல. கிட்டார் கம்பி சும்மா தொங்கல. பிரிட்ஜுல இருந்து ஒரு ஒயர் ஜாக்குக்கு வருது, அங்க இருந்து கேபிளோட வெளிச் சுத்து வழியா ஆம்ப் சேசிஸுக்கு போகுது. அதாவது கம்பியைத் தொடற விரல் ஆம்ப்போட இரும்பைத் தொடற மாதிரிதான். ஒரு கை கம்பியில, உதடு மைக்குல. நடுவுல இருக்கிறது நெஞ்சு.

இது ஏதோ படிக்காத ஊர் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. ஸ்டோன் த க்ரோஸ்னு ஒரு ஸ்காட்லாந்து பேண்ட். அதோட கிட்டார்காரர் லெஸ் ஹார்வி 1972 மே மாசம் வேல்ஸ்ல ஸ்வான்சி ஊர்ல மேடையிலயே ஷாக் அடிச்சு செத்துப் போனார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான். வயசு 27. யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976ல தன் வீட்டுலயே கிட்டார் வாசிக்கும்போது ஷாக்ல போனார். அதுக்கும் எர்த்ல இருந்த கோளாறுதான் காரணம்னு சொல்றாங்க. அவங்க ஊர்ல எல்லாம் செருப்பு போட்டுக்கிட்டுதான் வாசிப்பாங்க அண்ணே.

அண்ணன்களுக்கு இந்த புத்தி எங்க இருந்து வந்ததுன்னும் யோசிச்சுப் பார்த்தேன். பழைய வால்வு ரேடியோவுல ஒரு ரகம் இருந்தது, ஏசி டிசி ரெண்டுலயும் ஓடும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, சேசிஸே மெயின்ஸோட ஒரு பக்கத்துல சேர்ந்திருக்கும். ரெண்டே பின். ஆனா மரப்பெட்டி, பேக்கலைட் குமிழ், கைக்கு இரும்பே தட்டுப்படாது. அந்த செட்டுகளை பார்த்துத் தொழில் கத்துக்கிட்டவங்க கிட்ட இருந்துதான் இவங்க கத்துக்கிட்டிருக்காங்க. ரேடியோவை யாரும் மாருல மாட்டிக்கிட்டு நிக்கல, கிட்டாரை மாட்டிக்கிட்டு நிக்கிறோம். அந்த வித்தியாசத்தை யாரும் அடுத்த தலைமுறைக்கு சொல்லிக் குடுக்கல, அவ்வளவுதான்.

"ஆனா இரைச்சல் போச்சே?" போச்சு. ஏன் போச்சுன்னு கேட்டாரா? ஆம்ப்புக்கும் எர்த் இருக்கு, மிக்சருக்கும் எர்த் இருக்கு, ரெண்டையும் ஒரு கேபிள் வேற சேர்க்குது. இப்போ ஒரு வளையம் ஆயிடுச்சு. அந்த வளையத்துல ஓடற 50 ஹெர்ட்ஸ் கேபிளோட வெளிச் சுத்துல போய் சிக்னலோட கலக்குது. எர்த்தை வெட்டினா வளையம் அறுந்து போகுது, நிஜம்தான். ஆனா வளையத்தை அறுக்க உயிர் காக்கிற ஒயரைத்தான் அறுக்கணுமா? ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகினாலே பாதி குறையும். இல்லன்னா நடுவுல ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வச்ச டிஐ பாக்ஸ் போடுங்க. அதுல இருக்கிற "லிஃப்ட்" சுவிட்ச் சிக்னல் கேபிளோட எர்த்தை மட்டும் விலக்கும், கரண்ட் பிளக்கோட எர்த் அப்படியே இருக்கும்.

எங்க காமர்ஸ்ல டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலன்னா, வித்தியாசத்தை தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுவோம். ரெண்டு பக்கமும் சரியா நிக்கும், பார்க்க அழகா இருக்கும். ஆனா தப்பு உள்ளயே உட்கார்ந்திருக்கும். எர்த்தை வெட்டறது சஸ்பென்ஸ் அக்கவுண்ட் போடறதுதான். ஒரே வித்தியாசம், எங்க தப்புக்கு ஆடிட்டர்தான் வருவார்.

சரி, இரைச்சலை வேற எப்படித்தான் பிடிக்கிறதுன்னு கேப்பீங்க. நான் பிடிச்ச கதையை சொல்றேன்.

முதல்ல என்ன இரையுதுன்னு காதுக்குத் தெரியணும். இணையத்துல கிடைக்கிற பாதி கட்டுரை அமெரிக்காக்காரன் எழுதினது, 60, 120னு போட்டிருப்பான். நமக்கு 50, 100. கிட்டார் ஆறாவது கம்பி, மூணாவது ஃப்ரெட் அமுக்கி வாசிங்க, அது 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் கிட்டத்தட்ட அந்த சுருதியில இருந்தா 100, அதாவது பவர் சப்ளை பக்கம், பில்டர் கண்டன்சர் பத்தல அல்லது அதோட எர்த் பாதை தப்பு. அதுக்கு ஒரு ஸ்தாயி கீழ இருந்தா 50, ஹீட்டர் ஒயரு, டிரான்ஸ்ஃபார்மர் காந்தம், இல்ல நான் சொன்ன வளையம். இதுக்கு மீட்டர் எல்லாம் வேணாம். கிட்டாரை சுருதி சேர்க்கத் தெரிஞ்சா போதும்.

அப்புறம் கிட்டாரைக் கழட்டிப் பாருங்க. இரைச்சல் போயிடுச்சா? அப்போ குத்தம் கிட்டார்லயோ கேபிள்லயோ. சிங்கிள் காயில் பிக்கப் டியூப் லைட் சோக்கு, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாத்தையும் வாங்கிக் கக்கும். அதுக்கு ஆம்ப்பை ஏன் அறுக்கணும்? கிட்டார் இல்லாமலும் இரையுதா, வால்யூமைத் திருப்பிப் பாருங்க. கூடக் குறைய ஆகுதுன்னா குத்தம் வால்யூமுக்கு முன்னாடி. அசையவே இல்லன்னா பின்னாடி.

எனக்கு ரெண்டும் இருந்தது. ஹீட்டருக்கு போற 6.3 வோல்ட் ஒயர் ரெண்டையும் தனித்தனியா சேசிஸ் மூலையைச் சுத்திக் கொண்டு போயிருந்தேன், முதல் வால்வோட கிரிட் ஒயரை உரசிக்கிட்டே. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு இஎல்84, ரெண்டுக்கும் சேர்த்து ஒரு ஆம்பியருக்கு மேல ஏசி ஓடுது அதுல. பிரிச்சு, வலைக் கயிறு மாதிரி இறுக்கி முறுக்கி, கிரிட்ல இருந்து தள்ளி ஓட்டினேன். என் டிரான்ஸ்ஃபார்மர்ல ஹீட்டருக்கு சென்டர் டேப் கிடையாது, அதனால ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் எர்த்துக்கு. ரெண்டு ரெசிஸ்டருக்கு ஒரு டீ காசு கூட ஆகல. 50 ஹெர்ட்ஸ் பாதிக்கு மேல போச்சு.

100 தான் படுத்திடுச்சு. மூணு வாரம். கடைசியில பார்த்தா முதல் பில்டர் கண்டன்சரோட நெகட்டிவும், முதல் வால்வோட எர்த்தும் ஒரே ஒயர்ல போய் ஒரே போல்ட்ல முடிஞ்சிருந்தது. அந்தக் கண்டன்சர் நொடிக்கு 100 தடவை குபுக் குபுக்குனு கரண்ட் இழுக்கும். ஒயர்ல அது உண்டாக்கிற துளி வோல்ட்டேஜை முதல் வால்வு "ஓ, இதுவும் கிட்டார்தான்"னு நினைச்சு பெருக்கி அனுப்பிடும். கண்டன்சர் நெகட்டிவை நேரா டிரான்ஸ்ஃபார்மர் ஹெச்டி சென்டர் டேப்ல சேர்த்தேன், முதல் வால்வுக்குத் தனி ஒயர் போட்டு இன்புட் ஜாக் பக்கம் கொண்டு போனேன். கரண்ட் எர்த்துக்குத் தனி போல்ட், வேற எதுவும் அதுல கிடையாது. அன்னிக்கு சுவிட்ச் போட்டப்போ ஆம்ப் ஓடுதான்னே சந்தேகம் வந்துடுச்சு.

(இதெல்லாம் செய்யறவங்களுக்கு ஒண்ணு: உள்ள 300 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டன்சர்ல நிக்கும். ரெசிஸ்டர் வச்சு இறக்கி, மீட்டர்ல பார்த்துட்டு கை வைங்க.)

இன்னொண்ணு எங்க ஊருக்கே உரியது. ரெண்டு மாசத்துல இரைச்சல் திரும்ப வந்துச்சு. என்னடான்னா, போல்ட் எல்லாம் துரு. ஜாக் உள்ள பச்சை பூத்திருந்தது. போட் இன்ஜின் பேட்டரி டெர்மினல்ல எங்க சித்தப்பா கிரீஸ் தடவறதை தினமும் பார்க்கிறேன், அது எனக்கு உறைக்கல! பெயிண்டை சுரண்டி, பல்லு வாஷர் போட்டு இறுக்கி, மேல கிரீஸ். அதோட சரி.

"எர்த் இருந்தாத்தான இதெல்லாம், எங்க ஊட்ல எர்த்தே கெடையாதே"ன்னும் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி, நிறைய வீட்ல மூணாவது ஓட்டை சும்மா அலங்காரம்தான். அதை விட மோசம், சாக்கெட் பின்னாடி நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர்ல சேர்த்து விட்டிருப்பாங்க. என்னிக்காவது வெளியில நியூட்ரல் அறுந்தா வீட்ல இருக்கிற இரும்பு எல்லாம் லைன். ஆம்ப்புக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பைப்பு இறக்குங்க, கூடவே ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மத்த ஊர்ல கரியும் உப்பும் கொட்டி குழி போடணும். எங்க ஊர்ல கொஞ்சம் தோண்டினாலே உப்புத் தண்ணி, அந்த ஈரம் வரைக்கும் பைப்பு இறங்கணும். மேல இருக்கிற காஞ்ச மணல்ல ஒரு கம்பியைச் சொருகிட்டு எர்த்னு சொன்னா அதுவும் அலங்காரம்தான். உப்பு பைப்பை சீக்கிரம் தின்னுடும், வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்.

"வால்வுன்னா அப்படித்தான்பா இரையும்"னு தத்துவம் பேசறவங்க, நாய்ஸ் கேட் பெடல் வாங்கச் சொல்றவங்க பத்தி எழுத இடம் இல்ல. பெடல் நீங்க வாசிக்காதப்போதான் வாயை மூடும், வாசிக்கும்போது இரைச்சல் உள்ளயே இருக்கும்.

இப்போ என் ஆம்ப் இரையுதான்னா, இரையுது. ஸ்பீக்கர் கிட்ட காதை வச்சா கேக்கும். மூணு பின்னோடதான் ஓடுது. மாமா பையன் வெறும் கால்லதான் பாடறான்.

போன வாரம் அந்த அண்ணன் வந்து கேட்டுட்டு "இன்னா பண்ண?"ன்னு கேட்டார். பிளக்கைப் பிரிச்சுக் காட்டினேன், பச்சை ஒயர் இருக்கு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அவர் கிட்ட எர்த் வெட்டின ஆம்ப் இன்னும் ரெண்டு இருக்கு, டிசம்பர் வந்தா கேரல் ரவுண்ட்ஸுக்கு வீடு வீடா போகும். அதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் மூணாவது ஒயர் நானே போட்டுத் தரேன், காசு வேணாம்னு சொல்லியிருக்கேன். "பாக்கலாம் தம்பி"ன்னு சொல்லியிருக்கார்.

நாளைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் பரிட்சை. ஒரு யூனிட் கூட முடிக்கல. வரட்டா?