கருவியுலகம்: பள்ளியும் பல்லியும்

புதிய பொறி எதனைக் கண்டாலும் அதனைத் திருப்பிப் பார்த்து, திருகிப் பார்த்து, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமல் நமக்கு உறக்கம் வருவதில்லை. இப்பகுதியைத் திங்கள்தோறும் படித்துவரும் அன்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. நடந்த அடிகளை எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம் ஒன்று, கம்பியில்லாத இயர்போன் ஒன்று, தந்தையார் விட்டுச் சென்ற பழைய டிரான்சிஸ்டர் ஒன்று என நமது அலமாரியின் மேல்தட்டு நிறைந்து கிடக்கிறது. பண்டிகைக்குப் பண்டிகை அதனைத் துடைத்து வைக்கும் பொறுப்பு இல்லத்தரசிக்கு. அவர் அவ்வேளைகளில் கூறும் மொழிகளை அச்சிடுவதற்கில்லை.

இத்திங்கள் புதிய கருவி எதனைப் பற்றியும் எழுதப் போவதில்லை. வீட்டிலுள்ள பழகிய கருவி ஒன்று நமக்குப் புகட்டிய பாடத்தைச் சொல்லப் போகிறோம். பாடம் கற்றுக்கொண்டவர் ஒருவர். அதற்கான விலையைக் கொடுத்தவர் மற்றொருவர். அதுவே நம் வருத்தம்.

நாம் நாகபுரியில் புகைவண்டி முன்பதிவுச் சாளரத்தில் பணி செய்கிறோம். அன்னையார் மன்னார்குடிக்கு அடுத்த சிற்றூரில் தனியே இருக்கிறார். இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். "இங்கு வந்து எங்களோடு இருங்கள்" என்று அழைத்தால், "ஊரை விட்டுட்டு அங்க வந்து யாருகிட்டப் பேசறது?" என்பார். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்த விடையைக் கேளாத வீடு அரிது.

சில ஆண்டுகளாக அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. கருவிப் பித்தரான நாம் வாளா இருப்போமா? காதுக்கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் அது பெட்டிக்குள் போய்விட்டது. "காதுக்குள்ள விசில் அடிக்குது தம்பி" என்றார். இதற்குக் காரணம் உண்டு. அக்கருவியில் ஒலியை வாங்கும் பகுதியும், அதனைப் பெருக்கி வெளியிடும் பகுதியும் விரலிடை தூரத்தில் இருக்கின்றன. காதின் அளவுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால், வெளிவந்த ஒலி கசிந்து மீண்டும் உள்ளே புகுந்து, மறுபடியும் பெருகி, ஊளையிடத் தொடங்கும். மேடையில் ஒலிபெருக்கி கீச்சிடுவதும் இவ்வாறே. காதை அளந்து பொருத்த வேண்டியதனை அஞ்சலில் வாங்கி அனுப்பியது நம் பிழை.

பிறகு கைப்பேசி ஒன்று வாங்கிக் கொடுத்து, எழுத்துகள் பெரியனவாகத் தெரியும்படி அமைத்துவிட்டு வந்தோம். அன்னையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மளிகை மடித்து வந்த தாளையும் முழுவதும் படித்துவிட்டே எறிபவர். ஆகவே இஃது அவருக்குப் பெரிதும் பிடித்துவிட்டது. அவர் பேசி அனுப்புவார். நாம் எழுதி அனுப்புவோம். அங்கிருந்து குரல், இங்கிருந்து எழுத்து என்று போக்குவரத்துத் தங்குதடையின்றி நடந்தது.

நான்காம் வகுப்புப் படிக்கும் நம் மகளுக்குப் பாட்டியிடம் அளவற்ற பாசம். பள்ளியில் அவள் பயில்வது ஆங்கிலம், மராத்தி, இந்தி. வீட்டில் தமிழ் பேசுவாள். எழுதப் படிக்க அறியாள். எனவே தமிழ்ப் பேச்சை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பத் தொடங்கினாள். ஊரிலிருந்து குரல் வந்தது: "புள்ள என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்கு தம்பி. எதுத்த வீட்டுப் பையன் காலேசுக்குப் போயிட்டான். யாரு படிச்சுச் சொல்றது?"

இதற்கு நம்மிடம் மருந்து தயாராக இருந்தது. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் விசைப்பலகை ஒன்றை மகளின் கையிலிருந்த கைப்பேசியில் ஏற்றினோம். தட்டிய ஒலிக்கு இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களை அது மேலே வரிசையாகக் காட்டும். வேண்டியதைத் தொட வேண்டும். எழுத்துக் கற்காமலே தமிழ் எழுதும் வித்தை கைகூடிற்று என்று அன்று நாம் அடைந்த பெருமிதம் சிறிதன்று. அலுவலகத்தில் நால்வரிடம் அதனைக் காட்டவும் செய்தோம்.

முதற் பிழை நகைப்புக்கு இடமாயிற்று. 'நாளைக்குப் பள்ளி இல்லை' என்று எழுத எண்ணிய குழந்தை, வரிசையில் முதலாவதாக நின்ற சொல்லைத் தொட்டுவிட்டாள். போன செய்தி, 'நாளைக்குப் பல்லி இல்லை.' மறுமொழி குரலாக வந்தது: "நாளைக்கு இல்லேன்னா, இன்னைக்கு இருக்கா? சோத்துப் பானையெல்லாம் நல்லா மூடி வைக்கச் சொல்லு தம்பி!" வீடே சிரித்தது. நாமும் சிரித்தோம். அன்றே சிந்தித்திருக்க வேண்டும்.

பொங்கல் வந்தது. ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம், விடுப்புக் கிடைக்கவில்லை. பண்டிகைக் கூட்டத்தில் சாளரத்தை விட்டு எழ நேரமில்லை. "அப்பா பொங்கலுக்கு வரலை என்று பாட்டிக்கு எழுதிவிடு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பணிக்குப் போய்விட்டோம். அவளும் எழுதினாள். பொறி காட்டிய வரிசையில் 'வரலை' என்பதும் இருந்தது, 'வரலாம்' என்பதும் இருந்தது. இரண்டும் அவள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றின. 'அப்பா பொங்கலுக்கு வரலாம்' என்ற செய்தி ஊருக்குப் போயிற்று.

பொங்கலன்று இரவு எட்டு மணிக்கு அன்னையாரின் குரல் வந்தது. கடைசிப் பேருந்தும் போய்விட்டது என்றார். திண்ணையில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். அதிரசம் எடுத்து வைத்திருப்பதாகவும், வண்டி தாமதமா என்றும் கேட்டார். கோபமில்லாத குரல். கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

செய்தியைத் திறந்து பார்த்தோம். குழந்தையின் முகத்தையும் பார்த்தோம். "சரியாத்தானே எழுதினேன்?" என்றாள் அவள். சரியா தவறா என்று அறிய அவளுக்கு வழியில்லை. தான் எழுதியதைத் தானே படிக்க இயலாதவள் அவள். அப்போதுதான் இல்லத்தரசி நம் அலமாரியை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஏங்க, புதுசு புதுசா என்னென்னமோ வாங்குறீங்க. புள்ளைக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கணும்னு தோணலையே" என்றார். மறுமொழி ஒன்றும் எழவில்லை.

இத்தனைக்கும் இந்த உண்மையை நாள்தோறும் நமது தொழிலிலேயே காண்கிறோம். 1986-ஆம் ஆண்டு புது தில்லியில் புகைவண்டி முன்பதிவு கணிப்பொறிக்கு வந்தது. அதற்கு முன் தடித்த பேரேடுகளைப் புரட்டி இடம் ஒதுக்கி வந்தார்கள். இன்று பொறி நொடியில் ஒதுக்குகிறது. ஆயினும் பயணி 'பிலாஸ்பூர்' என்றால், சத்தீஸ்கரில் உள்ள பிலாஸ்பூரா, உத்தரப் பிரதேசத்தில் உள்ள பிலாஸ்பூர் ரோடா என்று கேட்டறிய வேண்டியவர் சாளரத்தில் இருப்பவர்தாம். பொறி இரண்டையும் காட்டும். ஒன்றை எடுக்க அறிந்தவர் வேண்டும். அறியாதவர் தொட்டாலும் சீட்டு அழகாகவே அச்சாகும். பயணி மட்டும் வேறு ஊரில் இறங்குவார்.

தமிழுக்குப் பொறி செய்தவர்களும் எழுத்தறிந்தவர்களை நம்பியே செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நம்மைப் போலவே பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுக் கடல் கடந்து மலாயாவும் சிங்கப்பூரும் சென்றவர் ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த பெருமை அவருடையது. 1930-களில் அது புழக்கத்துக்கு வந்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது எளிதன்று. புள்ளி முதலியவற்றிற்குத் தட்டினாலும் தாள் நகராத விசைகளைத் தமிழ்த் தட்டச்சில் அமைத்தார்கள். புள்ளி முதலில் விழும். தாள் நகராமையால் அதன் கீழேயே எழுத்து வந்து அமரும்.

கணிப்பொறிக் காலத்தில் வேறொரு தொல்லை வந்தது. ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொரு பொறியில் திறந்தால் குப்பையாகத் தெரிந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் வழங்கும் யூனிகோடு முறை 1991-இல் வெளிவந்தபோது அதில் தமிழும் இடம் பெற்றது. பின்னர் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை பொது முறையாக ஏற்கப்பட்டது. உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். உயிரையும் மெய்யையும் அறிந்தால் போதும். உயிர்மெய்யைப் பொறி கூட்டித் தரும். ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ப, ள, ள, இ என்று தட்டினால் 'பள்ளி'. ப, ல, ல, இ என்று தட்டினால் 'பல்லி'. இங்கே பொறி ஊகிப்பதில்லை. எழுதுபவர் அறிந்து தட்டுகிறார்.

பொங்கல் முடிந்த மறுவாரமே பழைய விசைப்பலகையை நீக்கிவிட்டுத் தமிழ் 99-ஐ ஏற்றினோம். அதைத் தொடும் முன், நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் பென்சிலும் வாங்கினோம். இதுவரை நாம் வாங்கிய கருவிகளுள் மிக மலிவானது இதுவே. நாளைக்கு மூன்று எழுத்து. பணி முடிந்து வந்ததும் அரைமணி நேரம். இரவுப் பணி நாள்களில் இல்லத்தரசி ஆசிரியை. பத்து நாளில் உயிரும் மெய்யுமாக முப்பது எழுத்துகளைக் கண்டுகொண்டாள். காலும் கொம்பும் சுழியும் படிய மேலும் ஆறு வாரங்கள் சென்றன. ல, ள, ழ மூன்றையும் நாவால் பிரித்துச் சொல்ல நமக்கே தடுமாற்றம் என்பதும் இக்காலத்தில் வெளிப்பட்டது. மகள் நம்மைத் திருத்தினாள்; திருந்தினோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் யாரையும் கேளாமல் தானே தட்டினாள். 'பாட்டி நான் தமிள் எழுதறேன். பொங்கலுக்கு நான்தான் தப்பா எழுதினேன். அப்பா மேல கோவம் வேண்டாம்.'

வழக்கமாக அரைமணியில் குரல் வந்துவிடும். அன்று மாலை வரை ஒன்றும் வரவில்லை. விளக்கு வைத்த பிறகு ஒரு படம் வந்தது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அன்னையார் தம் கையால் எழுதி, எதிர்வீட்டுப் பையனைக் கொண்டு படம் எடுத்து அனுப்பியிருந்தார். நாம் நாகபுரிக்கு வந்த புதிதில் உள்நாட்டுக் கடிதத்தில் கண்ட அதே சாய்ந்த கையெழுத்து. இப்போது சற்று நடுங்கியிருந்தது. மகள் விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். நாம் உதவவில்லை. 'கண்ணு, தமிள் இல்லை, தமிழ். பாட்டிக்குக் கோவம் இல்லை. கோடை லீவுக்கு வரலாம் என்று நீ எழுது. இந்த முறை நான் நம்புகிறேன்.'

அத்தாளைப் படமாகப் பார்த்தது போதாது என்று அச்செடுத்துத் தரச் சொல்லி, நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். கோடைக்கான விடுப்பு விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிட்டோம்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். குரலை எழுத்தாக்கும் பொறியும், ஆங்கில எழுத்தைத் தமிழாக்கும் பொறியும் நல்லவையே. தமிழ் எழுத்து அறிந்தவர் கையில் அவை நேரத்தை மிச்சமாக்கும். குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுப்பதற்கு முன் முப்பது எழுத்துகளைக் கொடுங்கள். கைப்பேசி அமைப்புகளில் விசைப்பலகை என்னும் பகுதியில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 கிடைக்குமாயின் அதனைத் தேர்ந்தெடுங்கள். ஐயமிருப்பவர்கள் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்துக்குக் கைப்பேசியைக் கொண்டு வந்தால் நாமே அமைத்துத் தருவோம். பென்சிலும் நோட்டும் மட்டும் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த இதழில், தந்தையாரின் டிரான்சிஸ்டரைப் பிரித்துப் பார்த்த கதை. இல்லத்தரசியின் அனுமதிக்குக் காத்திருக்கிறோம்.