உக்ரைன் போரில் 1648 ஏன் அடிபடுது?

உக்ரைன் விவாதங்களில் 'வெஸ்ட்ஃபாலியா'ங்கிற பெயர் அடிக்கடி வருதே, அது என்ன?

1618-ல் பிராக் கோட்டை ஜன்னலிலிருந்து பேரரசரின் பிரதிநிதிகள் இருவரையும் செயலாளரையும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் தூக்கி வீசினர். மூணு பேரும் பிழைச்சுட்டாங்க, ஐரோப்பாதான் தப்பலை. மதச்சண்டையில், கத்தோலிக்க பிரான்ஸே புராட்டஸ்டன்ட் ஸ்வீடனோடு கைகோத்ததும் அது அதிகாரச்சண்டையாச்சு. 30 ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் பலி. பஞ்சமும் நோயும் கொன்றவர்களே அதிகம்.

1648 அக்டோபரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சுவார்த்தையே முன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக் என ரெண்டு ஊர்ல (ஒரே ஊரில் உட்காரக்கூட மனசில்லை!).

'நாடுகளின் இறையாண்மை' இங்கே பிறந்ததாகச் சொல்வாங்க. உண்மையில் அது பின்னால் வந்தவர்கள் கொடுத்த விளக்கம். பிற நாட்டு நிலத்தின் மீது படைபலம் கூடாதுன்னு தெளிவாக எழுதியது 1945-ன் ஐ.நா. சாசனம். அதில் சோவியத் யூனியனோடு, உக்ரைனும் தனியாகக் கையெழுத்திட்டிருக்கு.